ஐ5 7ஆம் தலைமுறை மடிக்கணினி, 8 ஜிபி ரேம்: லினக்ஸுக்கு மாறினால் கேம் ஆட முடியுமா?

வெண்நாரை

வணக்கம் நண்பர்களே. என் மடிக்கணினியில் இருப்பது ஐ5-7200யூ ப்ராசஸர், 8 ஜிபி ரேம், 1 டிபி ஹார்ட் டிஸ்க். தனி கிராஃபிக்ஸ் கார்டு இல்லை, இன்டெல் எச்டி 620தான். விண்டோஸ் 10க்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு நிறுத்திவிட்டது. விண்டோஸ் 11 போடலாமென்று பார்த்தால் என் ப்ராசஸர் அவர்கள் பட்டியலிலேயே இல்லை. பூட் ஆகிச் சரியாக நிற்கவே நேரம் பிடிக்கிறது, ஆனால் ஒரு பழுதும் இல்லாத மெஷின். இதை ஓரங்கட்ட மனசு வரவில்லை.

நான் ஆடுவது ஸ்டார்டியூ வேலி, ஹாலோ நைட், போர்ட்டல் 2, ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2 டெஃபினிட்டிவ் எடிஷன். வார இறுதியில் நண்பர்களோடு வேலரன்ட். அவ்வப்போது ஆடியதைப் பதிவு செய்து சின்னச் சின்ன வீடியோவாக வெட்டுவேன்.

லினக்ஸ் போட்டால் இதில் எதெல்லாம் ஓடும்? எந்த லினக்ஸ்? வேகம் கூடுமா, குறையுமா? ஆளுக்கொன்று சொல்கிறார்கள். இதே மாதிரி மெஷினில் உண்மையிலேயே ஆடிப் பார்த்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

பழையதுபோதும்

மெஷினை வைத்துக்கொள்ளுங்கள். இந்தத் தலைமுறை மடிக்கணினிகள்தான் என் கைக்கு அதிகம் வருகின்றன. தெரிந்தவர்கள் "இனி உதவாது" என்று தருவதையெல்லாம் லினக்ஸ் போட்டுத் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருக்கிறேன். உங்களுடையதைவிட இளைத்த மெஷின்களே நன்றாக ஓடுகின்றன.

முதலில் வேலரன்ட்டைத் தனியே எடுத்து வைத்துவிடுவோம். அது லினக்ஸில் ஓடாது. வேகம் போதாமல் இல்லை, வேன்கார்ட் என்ற அதன் ஏமாற்றுத் தடுப்பு மென்பொருள்தான் காரணம். அது விண்டோஸின் உட்கருவான கெர்னலுக்குள்ளேயே ஒரு டிரைவராக உட்கார்ந்து, கணினி பூட் ஆகும்போதே எழுந்துகொள்ளும். லினக்ஸில் விண்டோஸ் கேமை ஓட்டித் தரும் ஒயினும் புரோட்டானும் ஒரு புரோகிராம் விண்டோஸிடம் கேட்பதை லினக்ஸுக்குப் புரிகிற மாதிரி மாற்றிக் கொடுப்பவை, அவ்வளவுதான். அங்கே விண்டோஸ் கெர்னலே கிடையாது, அப்புறம் கெர்னல் டிரைவர் எங்கே போய் உட்காரும்? லினக்ஸுக்குள்ளேயே விண்டோஸை ஓட்டும் விர்ச்சுவல் மெஷினுக்குள் போட்டு ஆடலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், கணக்கே தடையாகலாம்.

வேறு பல கேம்களில் வரும் ஏமாற்றுத் தடுப்பு மென்பொருள்களான ஈஸி ஆன்டி-சீட், பேட்டில்ஐ இரண்டும் 2021இலேயே புரோட்டானுக்கு வழி செய்துவிட்டன. ஆனால் அதை இயக்கி வைக்க வேண்டியது கேமைச் செய்த நிறுவனம். ஏபெக்ஸ் லெஜண்ட்ஸ் அப்படி இயக்கி வைத்திருந்து, 2024 கடைசியில் லினக்ஸை மறுபடி வெளியே தள்ளியது. அதனால் ஆன்லைனில் மோதி ஆடும் கேம் எதுவானாலும் மாறுவதற்கு முன் அதன் ஆன்டி-சீட் நிலையைப் பார்த்துவிடுங்கள்.

மற்ற நான்கும் ஓடும். ஸ்டார்டியூ, ஹாலோ நைட், போர்ட்டல் 2 மூன்றுக்கும் ஸ்டீம் கடையில் லினக்ஸ் பதிப்பே இருக்கிறது. ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் புரோட்டானில் ஓடும். ஸ்டீம் செட்டிங்ஸில் கம்பாட்டிபிலிட்டி பக்கத்தைத் திறந்து, எல்லா கேமுக்கும் புரோட்டான் இயங்குகிறதா என்று மட்டும் பாருங்கள். ஏதாவது ஒரு கேம் மக்கர் செய்தால் அதன் ப்ராபர்ட்டீஸுக்குள் போய் வேறு புரோட்டான் பதிப்பைத் தேர்ந்தெடுக்கலாம். லினக்ஸ் பதிப்பு உள்ள கேமுக்கும் இப்படிப் புரோட்டானைத் திணிக்கலாம். சில பழைய லினக்ஸ் பதிப்புகளைவிட அது நன்றாகவே ஓடும்.

புரோட்டான்டிபி தளத்தில் தங்கம், வெள்ளி என்று கேமுக்குப் பதக்கம் கொடுத்திருப்பார்கள். நான் பதக்கத்தைப் பார்ப்பதில்லை. கீழே இறங்கி, இன்டெல் உள்ளக கிராஃபிக்ஸ் வைத்திருப்பவர்கள் சமீபத்தில் எழுதியதை மட்டும் படிப்பேன். பெரிய கிராஃபிக்ஸ் கார்டு வைத்திருப்பவர் "பிரமாதம்" என்பதில் நமக்கு என்ன தெரியப் போகிறது?

புரோட்டானுக்குள் டிஎக்ஸ்விகே என்று ஒன்று இருக்கிறது. விண்டோஸின் கிராஃபிக்ஸ் முறையான டைரக்ட்3டி 9, 10, 11இல் எழுதிய கேமை லினக்ஸிலும் ஓடும் வல்கன் என்ற கிராஃபிக்ஸ் முறைக்கு மாற்றித் தருவது அதுதான். அதன் 2.0 பதிப்பிலிருந்து வல்கன் 1.3 கட்டாயம். உங்கள் எச்டி 620க்கு அது உண்டு, அதனால் கவலையில்லை. எச்டி 4000 காலத்து மெஷின் வைத்திருந்தால் நான் இவ்வளவு உறுதியாகச் சொல்லியிருக்க மாட்டேன்.

இனி வேகம். உங்கள் மெஷினில் லினக்ஸா விண்டோஸா என்பதைவிடப் பெரிய விஷயம் ஒன்று இருக்கிறது: ரேம் ஒரே குச்சியா, இரண்டா? விண்டோஸில் டாஸ்க் மேனேஜரைத் திறந்து பெர்ஃபார்மன்ஸ், மெமரி என்று போங்கள். எத்தனை ஸ்லாட்டில் எத்தனை பயன்படுகிறது என்று இருக்கும். உள்ளக கிராஃபிக்ஸுக்குச் சொந்த நினைவகம் கிடையாது, ப்ராசஸர் பயன்படுத்தும் ரேமைத்தான் பங்கு போட்டுக்கொள்கிறது. டிடிஆர்4-2133 குச்சி ஒன்றுதான் இருக்கிறது என்றால் நொடிக்கு 17 ஜிபி அளவுக்குத்தான் தரவு போய்வரும். அதே மாதிரி இன்னொன்றைச் செருகினால் இரண்டு சேனலாகி 34 ஆகிவிடும். கிராஃபிக்ஸ் சிப் அதேதான், ஆனால் பட்டினி கிடந்தது சாப்பிட ஆரம்பித்த மாதிரி இருக்கும். எத்தனையோ பேர் 8 ஜிபி போதும் என்று இதை விட்டுவிடுகிறார்கள். இங்கே 16 ஜிபி என்ற அளவைவிட இரண்டு சேனல் என்பதுதான் கணக்கு. வாங்குவதற்கு முன் உங்களுடையது டிடிஆர்4தானா என்று பார்த்துவிடுங்கள், இந்த ப்ராசஸரோடு டிடிஆர்3எல் போட்ட மடிக்கணினிகளும் வந்தன.

இரண்டாவது, எஸ்எஸ்டி. ஹார்ட் டிஸ்க்கில் எந்த இயங்குதளம் போட்டாலும் நீங்கள் சொன்ன அந்த பூட் அவஸ்தை போகாது. உள்ளே எம்.2 ஸ்லாட் இருந்தால் லினக்ஸுக்கென்று அதில் புது எஸ்எஸ்டி போட்டுவிட்டு ஹார்ட் டிஸ்க்கிலுள்ள விண்டோஸை அப்படியே விடுங்கள். வேலரன்ட் ஆடுகிற அன்று அதில் பூட் செய்துகொள்ளலாம். ஒரே டிஸ்க்கைப் பிரித்து இரண்டையும் வைப்பதைவிட இது எவ்வளவோ நிம்மதி. எம்.2விலும் சாட்டா, என்விஎம்இ என்று இரு வகை உண்டு. உங்கள் மாடலின் கையேட்டில் எது என்று இருக்கும்.

எந்த லினக்ஸ் என்று கேட்டால் லினக்ஸ் மின்ட் என்பேன். இன்டெல் கிராஃபிக்ஸுக்கு டிரைவர் எதுவும் தேடிப் போட வேண்டாம், கெர்னலோடும் மேசா என்ற கிராஃபிக்ஸ் தொகுப்போடும் சேர்ந்தே வருகிறது. கேமுக்கென்றே பாஸைட் போன்றவை இருக்கின்றன, அவையும் நல்லவைதான். ஆனால் முதல் லினக்ஸாக, ஏதாவது சிக்கல் வந்தால் தேடியதும் பதில் கிடைக்கிற ஒன்றைத்தான் நான் கையில் கொடுப்பேன்.

ஏழாம்கடல்

எனக்கு இதில் கொஞ்சம் மாற்றுக் கருத்து. நண்பர்களோடு ஆடும் ஒரே கேம் வேலரன்ட் என்றால், வாரா வாரம் வேறு டிஸ்க்கில் பூட் செய்வது சீக்கிரமே அலுத்துவிடும். கடைசியில் விண்டோஸிலேயே உட்கார்ந்துவிடுவீர்கள், பலர் அப்படித் திரும்பிப் போனதைப் பார்த்திருக்கிறேன். விண்டோஸ் 10க்குக் கூடுதல் பாதுகாப்புப் புதுப்பிப்புத் திட்டம் 2026 அக்டோபர் 13 வரை இருக்கிறது. அதில் பதிவு செய்துகொண்டு, எஸ்எஸ்டியும் ரேமும் மட்டும் போட்டாலே பாதி பிரச்சினை தீர்ந்துவிடும்.

இன்னொன்று, மூடியைக் கழற்றுகிறபோது ஃபேன் தூசியைத் துடைத்து, தெர்மல் பேஸ்ட்டையும் புதிதாகத் தடவிவிடுங்கள். வருஷக்கணக்கில் காய்ந்துபோன பேஸ்ட்டோடு ஓடும் ப்ராசஸர் சூடு தாங்காமல் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். எந்த இயங்குதளமும் அதைச் சரிசெய்ய முடியாது.

பழையதுபோதும்

தெர்மல் பேஸ்ட் விஷயத்தில் நூற்றுக்கு நூறு சரி. 7200யூவின் மொத்த மின் வரம்பே 15 வாட். ப்ராசஸரும் கிராஃபிக்ஸும் அதைத்தான் பகிர்ந்துகொள்ள வேண்டும். அதனால் ஃப்ரேம் அளவுக்கு ஒரு வரம்பு வைத்து ஆடுங்கள். திரை 60 ஹெர்ட்ஸ் என்றால் 60 அல்லது 30. நடுவில் 45 என்று வைத்தால் சில ஃப்ரேம் திரையின் ஒரு சுற்றுக்கும் சில இரண்டு சுற்றுக்கும் நிற்கும். எண் பெரிதாகத் தெரியும், கண்ணுக்கு இடறும். சீரான 30 அதைவிட எவ்வளவோ மேல்.

விண்டோஸுக்குத் திரும்பிப் போவதைப் பற்றி: ஒருவர் இரண்டையும் வைத்துக்கொண்டு ஆடினால் அதில் என்ன தோல்வி இருக்கிறது? எந்தக் கேமுக்கு எது வேண்டுமோ அதில் ஆடட்டும். பாதுகாப்புப் புதுப்பிப்பு நின்றுபோன விண்டோஸில் வங்கிக் கணக்கைத் திறக்காமல், மின்னஞ்சல் பார்க்காமல், அந்த ஒரு கேமுக்கு மட்டும் வைத்துக்கொண்டால் போதும். அன்றாட வேலை எல்லாம் லினக்ஸ் பக்கம் வந்துவிடும்.

வெண்நாரை

இருவருக்கும் நன்றி. பின்பக்கத்தைக் கழற்றிப் பார்த்தேன். 8 ஜிபி ஒரே குச்சி, பக்கத்து ஸ்லாட் காலி! டிடிஆர்4தான். எம்.2 ஸ்லாட்டும் இருக்கிறது, சாட்டா வகை. இரண்டும் வாங்கப் போகிறேன்.

அப்புறம் ஒரு கேள்வி. லினக்ஸுக்கு வருவதே என்றால் ஓப்பன் சோர்ஸ் கேம்களையும் பார்க்கலாமே என்று தோன்றுகிறது. உண்மையிலேயே உட்கார்ந்து ஆடும்படி ஏதாவது இருக்கிறதா? நண்பர்களையும் இழுத்துவர முடிந்தால் இன்னும் நல்லது.

பழையதுபோதும்

இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன்!

நீங்கள் ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் ஆடுபவர், அதனால் முதலில் 0 ஏ.டி. பழங்கால நாகரிகங்களை வைத்துச் செய்தது, மௌரியர்களும் இருக்கிறார்கள். யானைப் படை கட்டி ஆடலாம். உங்கள் மெஷினில் நிழலையும் நீரின் அலங்காரங்களையும் அணைத்துவிடுங்கள். அதைவிட முக்கியம், ஆட்டத்தைத் தொடங்கும்போதே மக்கள்தொகை வரம்பைக் குறைத்து வைப்பது. இந்தக் கேம் முதல் அரை மணி நேரம் வெண்ணெயாகப் போகும். படைகள் பெருகி நூற்றுக்கணக்கானோர் ஒரே நேரத்தில் வழி தேட ஆரம்பிக்கும்போதுதான் திணறும். அது ப்ராசஸரின் சுமை, கிராஃபிக்ஸைக் குறைத்துத் தீராது.

என் மனசுக்கு நெருக்கமானது பேட்டில் ஃபார் வெஸ்நோத். 2003இலிருந்து வருகிறது, எந்த மெஷினிலும் ஓடும். அறுகோணக் கட்டங்களில் முறை வைத்து ஆடுவது. ஒரு தாக்குதலைத் தொடங்கும் முன்பே எதிரி எந்த நிலத்தில் நிற்கிறான், அடி விழ எத்தனை சதவீத வாய்ப்பு என்று காட்டிவிடும். இதற்கு மேல் பகல் இரவு வேறு. ஒழுங்குப் பக்கத்துப் படைகளுக்குப் பகலில் 25 சதவீதம் பலம் கூடும், இரவில் அதே அளவு குறையும். ஓர்க்குகளுக்கும் எலும்புக்கூட்டுப் படைகளுக்கும் இது தலைகீழ். அதனால் மாலை நேரத்தில் ஆசைப்பட்டு முன்னேறாமல், காட்டிலோ கோட்டையிலோ பதுங்கி இரவைக் கழித்து, விடிந்ததும் பாய்வதுதான் ஆட்டமே. இருட்டில் இரண்டு முறை தாக்குப்பிடித்துவிட்டால், விடியும் நேரத்தில் எதிரி திறந்த புல்வெளியில் நின்றுகொண்டிருப்பான். அந்தக் கணத்துக்காகவே நான் திரும்பத் திரும்ப ஆடுகிறேன்.

ஓப்பன்டிடிடி எடுத்தால் ரயில் பாதை போட்டே பொழுது போய்விடும். இதற்கு மூலமான டிரான்ஸ்போர்ட் டைகூன் டீலக்ஸ் என்ற அசல் கேம் கையில் இல்லாவிட்டாலும் ஓப்பன்ஜிஎஃப்எக்ஸ் என்ற இலவசப் படத் தொகுப்பை வைத்து ஆடலாம்.

லுவான்டி பற்றி மட்டும் ஓர் எச்சரிக்கை. முன்பு மைன்டெஸ்ட் என்று பெயர், 2024இல் மாற்றினார்கள். அது ஒரு கேம் அல்ல, கேம்களை ஓட்டும் எஞ்சின். திறந்ததும் வெறுமையாக இருப்பதைப் பார்த்துவிட்டு, "இதில் ஒன்றுமே இல்லை" என்று பலர் நீக்கிவிடுகிறார்கள். உள்ளேயே கன்டென்ட்டிபி என்ற பட்டியல் இருக்கிறது. அதிலிருந்து வாக்ஸலிப்ரேயை இறக்குங்கள், மைன்கிராஃப்ட் பழகியவருக்குக் கை தானாகவே நகரும்.

நண்பர்களை இழுக்க சூப்பர்டக்ஸ்கார்ட்டில் ஆரம்பியுங்கள். விண்டோஸிலும் ஓடும், கற்றுக்கொள்ள ஒன்றுமில்லை, ஒரே கணினியில் திரையைப் பிரித்தும் ஆடலாம். துப்பாக்கி வேண்டுமென்றால் ஸோனோடிக் இருக்கிறது. ஆனால் அது மின்னல் வேகத்தில் துள்ளித் துள்ளிச் சுடும் பழைய பாணி. வேலரன்ட்டுக்கு மாற்று என்று சொல்லி அழைத்து வராதீர்கள், ஏமாந்துபோவார்கள். வேறு ஆட்டம் என்று சொல்லி அழைத்தால் சிலர் தங்குவார்கள்.

இவற்றையெல்லாம் நிறுவும்போது மின்ட்டின் மென்பொருள் மேலாளரில் ஒரே கேம் இரண்டு முறை தெரியலாம். ஒன்று மின்ட்டின் சொந்தத் தொகுப்பு, மற்றது ஃப்ளாட்ஹப் என்ற பொதுக் களஞ்சியத்திலிருந்து வரும் ஃப்ளாட்பேக் தொகுப்பு. கேம் என்றால் ஃப்ளாட்பேக்கை எடுங்கள். 0 ஏ.டி., ஓப்பன்டிடிடி எல்லாம் நெட்வொர்க்கில் சேர்ந்து ஆட எல்லோரிடமும் ஒரே பதிப்பு இருக்க வேண்டும். சொந்தத் தொகுப்பு பெரும்பாலும் பழைய பதிப்பாகவே நிற்கும், விண்டோஸ் நண்பர் புதியதை இறக்கியிருப்பார். "சேர முடியவில்லை" என்ற புலம்பலுக்கு முக்கால்வாசி இதுதான் காரணம்.

ஸ்டீமை மட்டும் அதன் அதிகாரப்பூர்வ டெப் கோப்பிலிருந்து போடுங்கள்.

ஆடும்போது ஏதாவது உடைந்தால் அதைப் பதிவு செய்யுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். எந்தப் பதிப்பு, எந்த கிராஃபிக்ஸ், எதைச் செய்தபோது நின்றது என்று நான்கு வரி போதும். இவற்றை உருவாக்குபவர்கள் சொந்த நேரத்தைப் போட்டு உழைப்பவர்கள், உங்கள் மாதிரி பழைய கிராஃபிக்ஸ் அவர்கள் எல்லோரிடமும் இருக்காது. நீங்கள் சொன்னால்தான் தெரியும்.

நிழலாட்டம்

வீடியோ பக்கத்தை யாரும் தொடவில்லையே. பதிவுக்கு ஓபிஎஸ், வெட்டுவதற்கு கேடன்லைவ். ஓபிஎஸ்ஸில் என்கோடர் எக்ஸ்264 என்று இருந்தால் அதை மாற்றி விஏஏபிஐ வையுங்கள். எக்ஸ்264 ப்ராசஸரின் தோளில் ஏறி உட்காரும், கேம் இழுக்கும். விஏஏபிஐ என்றால் இன்டெல் சிப்பில் வீடியோவுக்கென்றே இருக்கும் பகுதி அந்த வேலையைச் செய்துவிடும்.

கேடன்லைவில் ப்ராக்ஸி கிளிப்பை இயக்கிவிடுங்கள். வெட்டும்போது சிறிய நகலை வைத்து வேலை நடக்கும், கடைசியில் ரெண்டர் ஆகும்போது அசல் வீடியோவை எடுத்துக்கொள்ளும். இரண்டு கோர் மெஷினில் இது இல்லாமல் டைம்லைனை நகர்த்தவே முடியாது.

வெண்நாரை

ரேமும் எஸ்எஸ்டியும் வந்துவிட்டன, மின்ட்டும் போட்டாயிற்று. ஹாலோ நைட் இவ்வளவு வழுக்கிக்கொண்டு போய் நான் பார்த்ததில்லை. வெஸ்நோத்தில் முதல் தொடரை முடிக்கப் போகிறேன்.

இரண்டு இடத்தில் மாட்டிக்கொண்டேன். ஹார்ட் டிஸ்க்கிலிருக்கும் விண்டோஸ் பார்ட்டிஷன் லினக்ஸில் திறக்கிறது, ஆனால் எதையும் எழுத விடவில்லை. அங்கே ஏற்கனவே ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் இருக்கிறது, அதையே ஸ்டீமுக்குக் காட்டி ஆடலாமென்று நினைத்தேன். இன்னொன்று, ஸ்டார்டியூவில் என் பழைய பண்ணை வரவே இல்லை. அதை ஸ்டீமில் வாங்கவில்லை, வேறு கடையில் வாங்கியது. எப்படிக் கொண்டு வருவது?

பழையதுபோதும்

எழுத விடாததற்குக் காரணம் பெரும்பாலும் விண்டோஸின் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப். அது இயங்கிக்கொண்டிருந்தால் ஷட் டவுன் செய்தாலும் விண்டோஸ் முழுதாக மூடாது, பாதி உறக்கத்தில் டிஸ்க்கைப் பிடித்துக்கொண்டே இருக்கும். லினக்ஸும் தரவு கெட்டுவிடக் கூடாதே என்று படிக்க மட்டும் திறக்கிறது. விண்டோஸில் பூட் செய்து, கன்ட்ரோல் பேனலில் பவர் ஆப்ஷன்ஸுக்குள் போய் அதை அணைத்துவிட்டு ஒருமுறை ஷட் டவுன் செய்யுங்கள்.

ஆனால் விண்டோஸின் என்டிஎஃப்எஸ் முறையில் அமைந்த அந்தப் பார்ட்டிஷனிலிருந்து கேமை நேராக ஓட்ட வேண்டாம். புரோட்டான் ஒவ்வொரு கேமுக்கும் ஒரு குட்டி சி டிரைவை உருவாக்கும். அதற்குள் வரும் சில இணைப்புகளின் பெயரில் முக்காற்புள்ளி இருக்கும், என்டிஎஃப்எஸ்ஸில் அது தகராறு செய்யும். கேம் திறக்கிற மாதிரி இருந்து அப்படியே மூடிக்கொள்ளும். ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் கோப்புறையை எஸ்எஸ்டியிலுள்ள ஸ்டீம்ஆப்ஸ், காமன் கோப்புறைக்குள் நகலெடுத்துவிட்டு ஸ்டீமில் இன்ஸ்டால் அழுத்துங்கள். இருப்பதைச் சரிபார்த்துவிட்டு மீதியை மட்டும் இறக்கிக்கொள்ளும்.

பண்ணை பத்திரமாக இருக்கிறது. விண்டோஸ் டிஸ்க்கில் உங்கள் பயனர் கோப்புறைக்குள் ஆப்டேட்டா, ரோமிங், ஸ்டார்டியூவேலி, சேவ்ஸ் என்று வரிசையாகப் போங்கள். நீங்கள் வைத்த விவசாயியின் பெயரும் ஓர் அடிக்கோடும் ஒரு நீண்ட எண்ணுமாக ஒரு கோப்புறை இருக்கும். அதற்குள் இருக்கும் கோப்புகளைத் தனித்தனியாக எடுக்காமல் கோப்புறையை முழுதாக நகலெடுங்கள். லினக்ஸில் உங்கள் ஹோம் கோப்புறையைத் திறந்து கன்ட்ரோலும் எச்சும் சேர்த்து அழுத்தினால் மறைந்திருப்பவை தெரியும். புள்ளியில் தொடங்கும் கான்ஃபிக் கோப்புறைக்குள் ஸ்டார்டியூவேலி, அதற்குள் சேவ்ஸ். அங்கே ஒட்டிவிட்டு கேமைத் திறங்கள். சேவ்ஸ் கோப்புறையே காணோம் என்றால் புதிதாக ஒரு பண்ணையைத் தொடங்கி ஒரு நாள் தூங்கி எழுந்தால் அது உருவாகிவிடும். விண்டோஸில் மாட், அதாவது கேமை மாற்றும் கூடுதல் கோப்பு ஏதாவது போட்டு ஆடியிருந்தால் அதே மாட்களை இங்கேயும் போட்ட பிறகு பண்ணையைத் திறங்கள்.